டீசல்: ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாகிவிட்ட ஒரு ஜெர்மன் பெயர்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் பங்கிலும் ரயில் நிலையத்திலும் வயல் கிணற்றடியிலும் நாள்தோறும் புழங்கும் சொல் டீசல். ஜெர்மன் குடும்பப் பெயரான இது ஆங்கிலத்துக்குள் நுழைந்து பொதுச்சொல்லாகி, அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வண்டி வைத்திருக்கும் நண்பர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். அந்தப் பெயருக்கு உரியவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. சில விடைகள் நீண்டு போயிருப்பதற்கு அதுதான் காரணம்.

டீசல் என்பது ஆளின் பெயரா, பொருளின் பெயரா?

ஆளின் பெயர்தான் முதலில். ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், பாரிஸில் இருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே பிழைப்பு கடினமாக இருந்ததால், பன்னிரண்டு வயதுச் சிறுவனை அவுக்ஸ்புர்க் நகரத்து உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பிவைத்தார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் அவருக்குத் தேர்ச்சி வந்தது இப்படித்தான். பிறகு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபான் லிண்டே அங்கே அவருடைய ஆசிரியர்.

அவர் தம் என்ஜினுக்குக் காப்புரிமை கேட்டது 1892-இல். அதற்கு முன்பு 'டீசல்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எந்தப் பொருளும் கிடையாது.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் எந்தெந்தப் பொருளில் வருகிறது?

முதன்மையாக இரண்டு. எண்ணிக்கையில் அடங்காத பெயராக வந்தால் எரிபொருள்: லிட்டர் கணக்கில் வாங்குவது. எண்ணக்கூடிய பெயராக, முன்னால் ஒன்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'எ' சேர்ந்தோ பன்மையிலோ வந்தால், அந்த என்ஜின் பூட்டிய ஏதாவது ஒன்று. கார், லாரி, ரயில் என்ஜின், நீர்மூழ்கி எதுவாகவும் இருக்கலாம். எது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ரயில் பற்றிய கட்டுரையில் 'டீசல்ஸ்' என்று வந்தால் அது ரயில் என்ஜின்களைக் குறிக்கும். மொழிபெயர்ப்பில் அதை 'டீசல்கள்' என்று போட்டுவிட்டால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. 'டீசல் என்ஜின்கள்' என்று விரித்து எழுதுவதே சரி.

அடைமொழியாகவும் தாராளமாக வரும்: டீசல் என்ஜின், டீசல் ஜெனரேட்டர், டீசல் புகை.

இதற்கு வினை வடிவமும் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் என்ஜின் சில விநாடிகள் உதறிக்கொண்டே ஓடும். சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரித்துணுக்கோ சூடேறிய உலோக முனையோ, தீப்பொறி இல்லாமலே எரிபொருளைப் பற்றவைப்பதால் வருவது அது. அதை ஆங்கில மெக்கானிக்குகள் 'டீசலிங்' என்பார்கள். ஓடுவது பெட்ரோல் வண்டி. தீப்பொறி இல்லாமல் பற்றும் குணத்துக்காக அதன் மேல் டீசலின் பெயர் ஏறியிருக்கிறது.

ஒருவருடைய பெயர் என்றால் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதவேண்டாமா?

மனிதரைச் சொல்லும்போது கட்டாயம் பெரிய எழுத்து. என்ஜினையும் எரிபொருளையும் சொல்லும்போது சிறிய எழுத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில நூல்களிலும் விளம்பரங்களிலும் என்ஜினுக்கும் பெரிய எழுத்தே போட்டார்கள். புழக்கம் பெருகப் பெருக அது சிறியதானது. இன்று அகராதிகள் சிறிய எழுத்தையே தருகின்றன.

புழக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே ஆங்கிலம் இதை முடிவு செய்கிறது. ஃபெலிக்ஸ் வான்கெல் உருவாக்கிய சுழல் என்ஜினும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் அது சில கார்களோடு நின்றுவிட்டதால் இன்றும் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். வேதியியல் ஆய்வகத்து புன்சன் அடுப்பும் அப்படியே. அலகுகளுக்கு வேறு விதி: ஹெர்ட்ஸ், ஓம் போன்றவற்றை முழுச் சொல்லாக எழுதினால் சிறிய எழுத்து, குறியீடாக எழுதினால் பெரிய எழுத்து.

ஜெர்மன் மொழியில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் பெரிய எழுத்துத்தான். ஆளையும் எண்ணெயையும் எழுத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

சரியான உச்சரிப்பு எது?

ஜெர்மன் மொழியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'எஸ்', தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வொலியோடு, அதாவது ஆங்கிலத்தின் கடைசி எழுத்தைப் போல ஒலிக்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த ஒலி அப்படியே வந்துவிட்டது. அமெரிக்கர்களில் பலர் 'ஸ்' என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. அந்த அதிர்வொலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் நாம் ச-கரத்தைப் போட்டு எழுதுகிறோம். இதில் குறையொன்றும் இல்லை.

முதல் எழுத்தில் தடுமாறுபவர்களும் உண்டு. ஜெர்மன் பெயர்களில் 'ஐ', 'ஈ' என்ற இரு ஆங்கில எழுத்துகள் அந்த வரிசையில் வந்தால் 'ஈ' என்ற நெடில்: டீசல், சீமென்ஸ், நீட்சே. அவையே வரிசை மாறி வந்தால் 'ஐ': ஐன்ஸ்டைன், ஹைடெகர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்தி வாசிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் பாதி ஜெர்மன் பெயர்களைத் தயங்காமல் சொல்லிவிடலாம்.

தம் பெயரை அவரே சூட்டினாரா?

தொடக்கத்தில் இல்லை. 1893-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் அதைப் 'பகுத்தறிவுக்கு உகந்த வெப்ப என்ஜின்' என்ற பொருளில்தான் அழைத்தார். நீராவி என்ஜின்களை விரட்டப்போகும் என்ஜின் என்று அந்த நூலின் தலைப்பிலேயே எழுதிவிட்டார். முப்பத்தைந்து வயதுப் பொறியாளருக்கு எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள்; அப்போது ஓடக்கூடிய என்ஜின் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

அந்தத் துணிச்சலுக்கு அடிப்படை மாணவப் பருவத்திலேயே விழுந்தது. நீராவி என்ஜினில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்று லிண்டேயின் வகுப்பில் கேட்டது அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மீதி அத்தனையும் புகையாகவும் சூடாகவும் வீணாகிறதே என்ற தவிப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அவுக்ஸ்புர்க் இயந்திரத் தொழிற்சாலையில் சோதனைகள் நடந்தன. இன்று எம்.ஏ.என். என்ற பெயரில் லாரிகளும் கப்பல் என்ஜின்களும் வருகின்றனவே, அதன் முன்னோடி நிறுவனம் இது. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் முறையாக எரிபொருளைச் செலுத்திப் பார்த்தபோது, சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறி அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. என்ஜின் ஓடவில்லை. ஆனால் அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது உறுதியாயிற்று. 1894 பிப்ரவரி 17 அன்று என்ஜின் ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் சக்தியிலேயே சுழன்றது. அதன்பின் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி அளந்தார். ஒற்றைச் சிலிண்டர், மூன்று மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 154 சுற்று, ஏறக்குறைய 18 குதிரைத்திறன், 26.2 சதவீத வெப்பத்திறன். அன்றைய உலகில் வேறெந்த என்ஜினும் இந்த எண்ணை நெருங்கவில்லை. அதை இன்று மியூனிக் நகரத்து டாய்ச்சஸ் மியூசியத்தில் காணலாம்.

விற்பனைக்கு வரும்போது பெயர் வேண்டுமே. டெல்டா, எக்ஸெல்சியர் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த கணவரிடம், 'பேசாமல் டீசல் என்ஜின் என்றே வைத்துவிடுங்கள்' என்று மனைவி மார்த்தா சொன்னதாகக் குடும்பத்தார் வழியாக ஒரு செய்தி உண்டு. 1898-இல் அவுக்ஸ்புர்க்கில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே 'டீசல் மோட்டார்' இடம்பெற்றுவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து உரிமம் வாங்கினார். அவர் நிறுவனமும் டீசல் பெயரைத் தாங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மிர்லீஸ் நிறுவனம் 1897-லேயே உரிமம் பெற்று என்ஜின் கட்டிவிட்டது. ஆங்கிலத்துக்குள் இந்தப் பெயரைக் கொண்டுவந்து சேர்த்தவை இத்தகைய உரிம ஒப்பந்தங்களும் நிறுவனப் பலகைகளும்தான்.

என்ஜினின் பெயர் எண்ணெய்க்கு எப்படி வந்தது?

இதுதான் இந்தப் பெயரின் வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம். டீசலின் கருத்தில் எரிபொருள் எதுவாகவும் இருக்கலாம். என்ஜின் செய்வது இவ்வளவே: காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பதினைந்து, இருபது மடங்கு சிறிய இடத்துக்குள் நெருக்குகிறது. சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவே இங்கே பன்மடங்காகி, காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறுகிறது. அந்தக் காற்றில் எரிபொருளைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டாம்.

காப்புரிமையில் அவர் நிலக்கரித் தூளையும் எண்ணியிருந்தார். 1897-இல் அளந்த என்ஜின் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயில் ஓடியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் பிரெஞ்சு அரசின் விருப்பப்படி, சிறிய டீசல் என்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். எண்ணெயை மாற்றியதே தெரியாத அளவுக்கு அது சீராக ஓடியதாம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் நிலக்கடலையைக் கொண்டே அங்கே என்ஜின்களை ஓட்டமுடியுமா என்று பார்ப்பது அரசின் நோக்கம். டீசலும் பிற்காலத்தில் தம் உரைகளில் தாவர எண்ணெய்களின் எதிர்காலத்தைப் பற்றி அக்கறையோடு பேசியிருக்கிறார்.

பிறகு பெட்ரோலியத் தொழில் வளர்ந்தது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிறகு இறங்கும் கனமான பகுதி இந்த என்ஜின்களுக்கு ஒத்துவந்தது, மலிவாகவும் கிடைத்தது. ஆங்கிலத்தில் அதை 'டீசல் என்ஜினுக்கான எண்ணெய்' என்றார்கள். அது 'டீசல் எண்ணெய்' ஆகி, கடைசியில் 'டீசல்' என்று மட்டும் நின்றுவிட்டது. எந்த எண்ணெயிலும் ஓடக்கூடியது என்று பெருமைப்பட்ட என்ஜினின் பெயர் ஒரே ஒரு எண்ணெய்க்குச் சொந்தமாகிப்போனது.

எல்லா மொழிகளும் இப்படிச் செய்துவிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பங்கில் 'கசோல்' என்று கேட்பார்கள், இத்தாலியர்கள் 'கசோலியோ' என்பார்கள். ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகள் ஆளின் பெயரையே எண்ணெய்க்கும் கொடுத்தன. நாம் ஆங்கிலத்தைப் பின்பற்றினோம்.

ஆங்கிலேயர்கள் இந்தப் பெயரை எதிர்த்தார்களாமே?

எதிர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர், டீசலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1890-இல், கன எண்ணெயில் ஓடும் என்ஜினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கிரான்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி நிறுவனம் அதைக் கட்டி விற்றது. அதில் காற்றை டீசல் அளவுக்கு நெருக்குவதில்லை; வெளியிலிருந்து சூடேற்றிய ஓர் இரும்புக் குமிழ்தான் எண்ணெயைப் பற்றவைக்கும். ஆகவே அழுத்தச் சூட்டினாலேயே பற்றும் என்ஜின் என்ற பெருமை டீசலுக்கே உரியது என்பது என் முடிவு. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். டீசல் தம் எரிபொருளைத் தூவுவதற்கு, தனியே ஒரு கம்ப்ரசர் வைத்து, அழுத்திய காற்றின் உதவியை நாடினார். இன்றைய டீசல் என்ஜின்கள் எண்ணெயைப் பம்பினால் நேரடியாகவே பீச்சுகின்றன. அந்த வகையில் அவை அக்ராய்ட் ஸ்டூவர்ட்டின் வழிக்கே நெருக்கமானவை.

இதனால் பிரிட்டிஷ் பொறியாளர்கள் பலர் 'ஆயில் என்ஜின்' என்றோ 'அழுத்தப் பற்றவைப்பு என்ஜின்' என்றோதான் எழுதினார்கள். பிற்காலத்தில் அந்தக் குமிழ் வகை என்ஜின்களை 'செமி டீசல்' என்று ஆங்கிலத்தில் அழைக்கத் தொடங்கினார்கள். முந்திப் பிறந்தவனைப் பிந்திப் பிறந்தவனின் பாதி என்று சொல்வது அநியாயம்தான்.

அந்தப் பழைய பிரிட்டிஷ் வழக்கு நம் வயல்களில் நெடுநாள் உயிரோடு இருந்தது. மின்சாரம் வராத காலத்தில் கிணற்றடியில் 'டுக் டுக்' என்று ஓடிய என்ஜினைத் தமிழ்நாட்டு விவசாயிகள் ஆயில் என்ஜின் என்றே சொன்னார்கள், சொல்கிறார்கள். அதற்கு ஊற்றும் எண்ணெயைக் 'குருடாயில்' என்ற முதியவர்களும் உண்டு. 'குரூட் ஆயில்' மருவியது அது. ரஸ்டன், லிஸ்டர், பெட்டர் என்று இங்கிலாந்திலிருந்து இறங்கிய என்ஜின்களோடு வந்த பெயர் இது. 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் நிறுவனம் இன்றும் ஆயில் என்ஜின் என்பதையே தன் பெயரில் வைத்திருக்கிறது.

பெட்ரோல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் பெயர் ஏன் இப்படி நிலைக்கவில்லை?

ஜெர்மனியில் நிலைத்தது. நான்கு வீச்சு என்ஜினை 1876-இல் செய்து காட்டிய நிகோலாஸ் ஓட்டோவின் பெயரால், பெட்ரோல் என்ஜினை அங்கே 'ஓட்டோ மோட்டார்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் 'ஓட்டோ சுழற்சி' என்று பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. எது எங்கும் பரவி இயல்பாகிவிடுகிறதோ, அதற்குத் தனிப் பெயர் தேவைப்படுவதில்லை என்று நினைக்கிறேன். கார் என்றாலே பெட்ரோல் கார் என்றிருந்த காலத்தில், மாறுபட்ட மற்றொன்றைச் சுட்டத்தான் பெயர் வேண்டியிருந்தது. டீசல் பூட்டிய கார் விற்பனைக்கு வரிசையாக வந்ததே 1936-இல்தான்: மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி.

கூட்டுச் சொற்களில் தெரிந்துகொள்ளவேண்டியவை எவை?

'டீசல் எலெக்ட்ரிக்' என்றால் டீசல் என்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றவில்லை, மின்சாரம் உண்டாக்குகிறது, அந்த மின்சாரம் மோட்டாரை ஓட்டுகிறது என்று பொருள். ரயில் என்ஜின்களுக்கும் பழைய நீர்மூழ்கிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் பயணிகள் சொல்லும் 'டெமு ரயில்' என்பதன் முதல் எழுத்து டீசல் பெயரின் முதல் எழுத்தே.

'டீசலைசேஷன்' என்பது நீராவியிலிருந்து டீசலுக்கு மாறுவது. பிரிட்டனில் 1955-ஆம் ஆண்டுத் திட்டத்தோடு இது வேகம் பிடித்து, 1968 ஆகஸ்டில் முக்கிய ரயில் பாதைகளில் நீராவி முடிவுக்கு வந்தது. நீராவியை விரட்டும் என்று 1893-இல் எழுதிய வாக்கு பலித்தது. அதன்பின் டீசலின் முறையும் வந்தது. வாரணாசியில் 1961-இல் தொடங்கிய டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆலை மின்சார என்ஜின்களுக்கு மாறியதும், 2020-இல் அதன் பெயரிலிருந்து டீசல் நீங்கி, பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆனது.

பிரிட்டனில் லாரி ஓட்டுநர்கள் 'டெர்வ்' என்று சொன்னால் அதுவும் டீசல்தான். 'டீசல் என்ஜின் பூட்டிய சாலை வாகனம்' என்ற ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகளைச் சேர்த்த சொல் அது. 'ரெட் டீசல்' என்பது வரிச்சலுகையோடு விற்கும் எண்ணெய். சாதாரண வண்டிகளில் ஊற்றினால் கண்டுபிடிப்பதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். நம் ஊர் பங்க் ரசீதில் இருக்கும் எச்.எஸ்.டி. என்பது 'ஹை ஸ்பீட் டீசல்'. நம் வண்டியின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; வேகமாகச் சுழலும் என்ஜின்களுக்கான தரம் என்று பொருள்.

'பயோடீசல்' தாவர எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்வது. பாரிஸ் பொருட்காட்சியின் கடலை எண்ணெயை எண்ணினால், இந்தச் சொல் அந்த மனிதரின் எண்ணத்துக்கு மிக அருகில் வருகிறது.

'டீசல்கேட்' 2015 செப்டம்பரில் பிறந்தது. சோதனைச் சாலையில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் கார்களில் பொருத்தியிருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது அம்பலப்படுத்தியது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்கள் அதில் அடங்கும். வீணாகும் வெப்பத்தைப் பார்த்துத் தவித்து, ஒவ்வொரு அளவீட்டையும் நேர்மையாகப் பதிந்துவைத்தவரின் பெயர் இந்த ஏமாற்றுக்கு ஒட்டிக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தி எழுதுபவர்கள் 'ஃபோக்ஸ்வாகன் மோசடி' என்று எழுதினாலே போதும், விஷயம் விளங்கிவிடும்.

அவர் கொலை செய்யப்பட்டாரா?

பெயரைப் பற்றிய பக்கம் என்றாலும் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கொலை என்பதற்குச் சான்று இல்லை. 1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 'டிரெஸ்டன்' என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் அவர் பெயரைத் தாங்கிய புதிய என்ஜின் நிறுவனத்தின் வேலையாகத்தான் பயணம். உடன் வந்தவர்களோடு இரவு உணவு உண்டு, காலை 6.15-க்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கையில் படுத்த அடையாளமும் இல்லை. இரவு உடை எடுத்து வைத்தபடி இருந்தது, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் கடிகாரம் இருந்தது. தொப்பியும் மடித்த மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் கிடந்தன. பத்து நாட்களுக்குப் பிறகு டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. சிதைந்திருந்ததால், பையிலிருந்த மாத்திரைச் சிமிழ், பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு முதலியவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை தந்தையுடையவை என்று மகன் ஓய்கன் அடையாளம் சொன்னார்.

அவருடைய நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு நேரே சிலுவைக் குறி இருந்தது. சொத்து கரைந்து, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. தலைவலியும் உடல்நலிவும் பல ஆண்டுகளாக அவரை வாட்டிவந்தன. ஜெர்மானிய உளவாளிகள், எண்ணெய் முதலாளிகள் என்று கிளம்பிய கதைகளுக்கு, மறு ஆண்டே உலகப் போர் வெடித்ததும் நீர்மூழ்கிகளுக்கு டீசல் என்ஜின் இன்றியமையாததாகிவிட்டதும் தூபம் போட்டன. என் வாசிப்பில், தற்கொலை என்பதே கிடைத்த தடயங்களோடு பொருந்துகிறது.

டீசல் ஜீன்ஸும் நடிகர் வின் டீசலும் அவருக்கு உறவா?

இல்லை. ஜீன்ஸ் நிறுவனத்தை 1978-இல் இத்தாலியில் ரென்சோ ரோஸோ தொடங்கினார். எந்த நாட்டிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொல் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. வின் டீசலின் இயற்பெயர் மார்க் சின்க்ளேர். சலிக்காத ஆற்றலைப் பார்த்து நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

தமிழில் டீசலா, டீஸலா?

எரிபொருளுக்கும் என்ஜினுக்கும் 'டீசல்' நிலைத்துவிட்டது, அதையே எழுதுங்கள். ஆளைக் குறிக்கும்போது முதல் முறை 'ருடால்ஃப் டீசல்' என்று முழுப் பெயரைத் தந்துவிடுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. 'டீசல் கண்டுபிடித்தது' என்று தொடங்கும் வாக்கியத்தில் டீசல் கண்டுபிடித்தவரா, கண்டுபிடிக்கப்பட்டதா என்று வாசகர் திணறுவார்.

அவருடைய பெயருக்கு நினைவிடம் உண்டா?

அவுக்ஸ்புர்க் நகரத்து விட்டெல்ஸ்பாக் பூங்காவில் ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. அதை 1957-இல் கொடையாக அமைத்துத் தந்தவர் ஜப்பானியர்: யான்மார் நிறுவனத்தைத் தொடங்கிய மாகோகிச்சி யாமாஓகா. சிறிய டீசல் என்ஜின்களைச் செய்து விவசாயிகளிடம் சேர்த்தவர் அவர். கற்களை ஜப்பானிலிருந்தே வரவழைத்தார். பெரிய ஆலைகளுக்கு மட்டுமல்ல, சிறு பட்டறைக்காரர்களுக்கும் சிக்கனமான என்ஜின் கிடைக்கவேண்டும் என்று டீசல் இளமையில் விரும்பியதை நினைத்தால், இந்த நன்றிக்கடன் மிகப் பொருத்தமானது.

அப்படியானால் பென்சின் என்பது கார்ல் பென்ஸின் பெயரா?

டீசல் கதையைக் கேட்டவர்கள் அடுத்து இதைக் கேட்பது வழக்கம். ஜெர்மனியில் பெட்ரோலைப் 'பென்சின்' என்பதால் வரும் ஐயம் இது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கார் செய்த கார்ல் பென்ஸ் பிறந்தது 1844-இல். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே, 1833-இல், ஐல்ஹார்ட் மிட்ஷெர்லிக் என்ற வேதியியலாளர் பென்சாயிக் அமிலத்திலிருந்து வடித்த ஒரு திரவத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். பென்சாயிக் என்பது பென்சாயின் என்ற மரப்பிசினின் பெயரிலிருந்து வந்தது; பென்சாயினோ 'ஜாவாவின் குங்கிலியம்' என்று பொருள்படும் 'லுபான் ஜாவி' என்ற அரபுச் சொல்லின் திரிபு. அந்தப் பிசின் நமக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமை மாலை நம் வீடுகளில் தணலில் தூவும் சாம்பிராணிதான் அது.